வேரும் உழவாரமும்

உப்பளத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குச் சில நாள் முன்பே ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். புல் செதுக்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், பெயர் எழுத்துகளுக்குக் கறுப்பு மை தீட்டுவார்கள். அன்று மாலை மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாக இடம் முழுக்க வெளிச்சம். கிறிஸ்தவன் அல்லாத நானும் போவேன். ஆனால் எனக்குப் பிடித்தது அந்த வெளிச்சம் அல்ல. பழைய பிரெஞ்சுக்காரர்களின் கல்லறைகள் சிலவற்றில் அரசங்கன்று பிளவில் வேர்விட்டு, பலகைக் கல்லை ஒரு பக்கமாகத் தூக்கியிருக்கும். பெயர் பாதி அழிந்திருக்கும். அங்கே போய் நின்றுகொள்வேன். வெகுநாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் அழகு என்று நின்று பார்த்ததெல்லாம் ஆளில்லாத கல்லறைகள். பிள்ளை, பேரன் வந்துபோகிற கல்லறை எதிலும் மரம் முளைத்திருக்கவில்லை. சுண்ணாம்பு வாளியோடு யாரும் வராதது எதுவோ, அதைத்தான் என் ரசனை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது.

சிதைந்ததை அழகு என்று பார்க்க எனக்கு என்ன உரிமை? ரசனைக்குள் உரிமைப் பிரச்சினை எங்கே வருகிறது என்று நண்பர்கள் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். ஓர் ஓவியத்தை ரசிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லைதான். ஆனால் ஓவியம் ஒருவன் செய்து முடித்து நம் முன் வைத்தது. சிதைவை யாரும் செய்து முடிக்கவில்லை. யாரோ செய்துகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். விளக்கு வைப்பதை, பெருக்குவதை, அங்கே வருவதையே. அந்த நிறுத்தத்தின் மேல் நின்றுகொண்டுதான் நாம் ரசிக்கிறோம். இதை ஸ்தூலமாக எனக்குக் காட்டியது கம்போடியாவில் அங்கோர் பகுதியில் இருக்கிற தா ப்ரோம்.

அந்தப் பெயரைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் கேட்டிருக்கிறேன். அப்பாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவில் இருந்தவர். புதுச்சேரியில் இது விசேஷமல்ல. சைகோனுக்குப் போய்வந்த குடும்பங்கள், சொல்தா பென்சனில் எழும்பிய மாடிவீடுகள், வியட்நாமியப் பாட்டிகள் இருக்கிற வீடுகள் எல்லாம் இந்த ஊரின் அன்றாடம். தாத்தாவை ஒருமுறை லாரியில் அங்கோருக்குக் கூட்டிப்போனார்களாம். அதைப்பற்றி அவர் எப்போது பேசினாலும் ஒரே வாக்கியம்தான்: “கோயில மரம் தின்னுது, வெள்ளக்காரன் கையக் கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டு நிக்கிறான்.” அவர் தேவாரம் படித்தவரில்லை, கோயிலுக்கு அடிக்கடி போகிறவரும் இல்லை. அந்த வாக்கியத்தில் இருந்தது பக்தியின் கோபம் அல்ல. களை மண்டிய வயலின் வரப்பில் நின்று ஒருவன் வேடிக்கை பார்த்தால் விவசாயிக்கு வருகிற கோபம் அது. பல வருஷங்கள் அதை ரசனையற்ற ஒரு மனிதரின் வாக்கியமாகத்தான் நான் வைத்திருந்தேன்.

2023 ஜனவரியில், இரண்டு வருஷம் சேர்த்த பணத்திலும் கெஞ்சி வாங்கிய விடுப்பிலுமாக, நானும் போனேன். அங்கே கண்டதை வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை. புகைப்படங்களில் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. 2001-இல் வந்த ‘டூம்ப் ரைடர்’ ஹாலிவுட் படத்தில் அந்த வேர்கள் உலகம் பூராவும் போய்விட்டன. கூரைமேல் விழுந்த விதை முளைத்து, வேரைச் சுவர்வழியே தரைக்கு இறக்கி, பிறகு பருத்து, கற்களின் இடுக்கைப் பிளந்து, பிளந்த கற்களையே இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சில மரங்கள் அத்தி, ஆல் இனத்தவை. பிரம்மாண்டமாக வெளிறிய தண்டோடு நிற்பவை தெட்ராமெலிஸ் என்ற மரம். நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் அது உண்டு. மரத்தை வெட்டினால் சுவர் சரியும். விட்டாலும் ஒரு நாள் மரம் பட்டு விழும்போது சுவரை இழுத்துக்கொண்டுதான் விழும். இந்த நிலையில் எது எதைத் தாங்குகிறது என்று கேட்பது அபத்தம்.

என் மனம் அதிகம் தங்கியது வேரில் அல்ல, ஒரு கல்வெட்டில். ஏழாம் ஜெயவர்மன் 1186-இல் எடுப்பித்த பௌத்தக் கோயில் இது. ராஜவிஹாரம் என்பது அன்றைய பெயர். பிரக்ஞாபாரமிதையின் உருவில் அவன் தன் தாயை அங்கே பிரதிஷ்டை செய்தான். சமஸ்கிருதத்தில் இருக்கிற அதன் கல்வெட்டை ஜார்ஜ் செதே 1906-இல் வெளியிட்டார். என்னைப்போல் பேரேட்டோடு வாழ்கிறவனுக்கு அது கவிதையாக அல்ல, கணக்காகத்தான் படும். 3,140 ஊர்கள். ஊழியத்துக்கு 79,365 பேர். உள்ளேயே தங்கியவர்கள் 12,640. அவர்களில் ஆடல் மகளிர் 615. அரிசி, எள், நெய், துணி என்று எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. தேசம் முழுவதிலும் 102 ஆரோக்கிய சாலைகள் இருந்ததையும் அதே கல்தான் சொல்கிறது. ஒரு கோயில் நிற்பதற்கு எவ்வளவு செலவாகும் என்று இவ்வளவு பச்சையாகச் சொன்ன கல் வேறு அதிகம் இருக்காது. வேரைப் படமெடுக்கிற யாரும் இந்தக் கணக்கைப் படிப்பதில்லை. படித்தால் வேர் வேறு மாதிரி தெரியும்: செலவு செய்ய ஆளில்லாமல் போன நாளிலிருந்து ஏறிய வட்டியாக.

அங்கோர் 1907-இல் சயாமிடமிருந்து பிரெஞ்சு ஆதிக்கத்துக்கு வந்தது. தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளி மற்றக் கோயில்களில் காட்டை வெட்டிச் சுத்தம் செய்தது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் கையாண்ட முறையைக் கற்றுவந்து, 1930-களில் பந்தியாய் ஸ்ரேய் கோயிலை விழுந்த கல்லைக்கொண்டே மறுபடி நிறுத்தியது. (அந்தக் கோயில் முகப்பில், ஆடுகிற சிவன் காலடியில், வற்றிய உடம்போடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் காரைக்காலம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். நம் காரைக்காலிலிருந்து அவ்வளவு தூரம்!) தா ப்ரோமை மட்டும் கண்டெடுத்தபோது இருந்த மாதிரியே பெரும்பாலும் விட்டுவைத்தார்கள். காட்டுக்குள் சிதைந்த கோயில் பார்வையாளர்களுக்குப் பிடிக்கும் என்பது காரணம். மற்ற இடங்களில் தாங்கள் எவ்வளவு உழைத்தோம் என்பதற்கும் அது சாட்சியாக இருக்கும். தாத்தா பார்த்தது இந்த முடிவை. அவருக்கு முடிவு என்று தெரியாது. சோம்பேறித்தனம் என்று நினைத்தார். சோம்பேறித்தனமாக இருந்திருந்தால் நான் கோபப்பட ஒன்றுமில்லை. சிதைவு தீர்மானமாக வரும்போதுதான் தார்மீகப் பிரச்சினை ஆகிறது.

இந்த ரசனை எங்கே பிறந்தது என்பது ஆங்கிலம் படித்த நமக்குத் தெரியும், தெரிந்தும் மறந்துவிடுகிறோம். 1782-இல் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் வை நதிக்கரைப் பயணத்தைப்பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். டின்டர்ன் மடாலயத்தின் இடிபாடுகளைப் பார்க்கிறார். எட்டாம் ஹென்றி 1536-இல் கலைத்துவிட்ட மடம் அது. மேல்சுவர்களின் ஒழுங்கு அவர் கண்ணை உறுத்துகிறது. ஒரு சுத்தியலை ஜாக்கிரதையாகப் பிரயோகித்து இன்னும் கொஞ்சம் உடைத்தால் சரியாகிவிடும் என்று எழுதுகிறார். அதே புத்தகத்தில், அந்த இடிபாடுகளுக்குள் பிச்சைக்காரர்கள் குடியிருப்பதையும், நடக்கவே முடியாத ஒரு கிழவி அவருக்குத் தன் பொந்தைக் காட்டியதையும் சொல்கிறார். பதினாறு வருஷம் கழித்து வேர்ட்ஸ்வொர்த் அந்த மடத்தின் பெயரைத் தலைப்பில் வைத்து ஒரு கவிதை எழுதினார். பி.ஏ.வில் அதைப் பரீட்சைக்குப் படித்த எங்களில் ஒருவனும் கவனிக்கவில்லை: மடம் தலைப்பில் இருக்கிறது, கவிதைக்குள் இல்லை. கிழவியும் இல்லை. அது மகத்தான கவிதை என்பதை நான் மறுக்கவில்லை. அந்த மகத்துவம் கிழவியைக் கடந்துபோய்த்தான் வந்தது என்பதையும் மறுக்க முடியவில்லை.

ஆளில்லாதது என்று ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் ரசிப்பதற்கும் எடுத்துக்கொள்வதற்கும் தூரம் அதிகமில்லை. 1923-இல் அந்த்ரே மால்ரோ பந்தியாய் ஸ்ரேயின் சிற்பங்களை வெட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அது அறிவிக்கப்பட்டிருக்கவில்லை என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. 1959-இல் அவர்தான் பிரான்சின் கலாசார அமைச்சர். ரசனைக்குக் கிடைத்த தண்டனை இது என்று வைத்துக்கொள்ளலாம்.

தா ப்ரோமுக்கு இரண்டாம் நாள் விடிகாலையிலேயே போய்விட்டேன். பயணிகள் வருவதற்கு முன் பெண்கள் நீள விளக்குமாறுகளால் சருகு பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் கூரைமேல் ஏறி, கல்லிடுக்கில் முளைத்திருந்த சின்னக் கன்றுகளைப் பிடுங்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். அவனிலிருந்து முப்பதடி தூரத்தில், அதே கூரையை மிதித்துக்கொண்டு, பயணிகளுக்காகப் பெரிய மரம் நின்றது. அதற்கு முட்டு, வேலி, படமெடுக்க மரத்தாலான மேடை. பெரிய கடன்காரனை யாரும் தொடுவதில்லை, சின்னவன் வீட்டுக்குத்தான் நோட்டீஸ். எங்கள் தொழிலிலும் இதுதான் வழக்கம். ஆனால் அந்த ஆளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காடு விழுங்கிய கோயில் என்று உலகம் நம்புகிற ஓர் இடத்தை, காடு விழுங்காமல் தினமும் ஒருவன் தடுத்துக்கொண்டிருக்கிறான். அவன் இல்லாவிட்டால் ரசிக்கிறவர்களுக்கும் பத்து வருஷத்தில் ஒன்றும் மிஞ்சாது. 2003-லிருந்து நம் தொல்லியல் துறையும் அங்கே கல் அடுக்கிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு நண்பரின் ஆட்சேபத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் மார்க்சியர். 79,365 பேரின் முதுகில் நின்ற கட்டடத்தை மரம் உடைத்தால் உனக்கென்ன வருத்தம், காலம் கொடுத்த தீர்ப்பு அது என்றார். கவர்ச்சியான வாதம். ஒரு காலத்தில் நானும் அப்படி நினைத்ததுண்டு. ஆனால் மரத்துக்குத் தீர்ப்புத் தெரியாது. அங்கே புத்த உருவங்களைக் கொத்தி எடுத்தது 13-ஆம் நூற்றாண்டில் மனிதனின் உளி. மரம் பிறகு வந்தது. நம் பக்கம் கங்கைகொண்ட சோழபுரத்தில் மதில் போனதற்கும் வேர் காரணமல்ல. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்குக் கல் தேவைப்பட்டது, பெயர்த்துக்கொண்டு போனார்கள். கொள்ளிடத்துத் தண்ணீரில் எத்தனையோ குடியானவர்கள் பிழைத்திருக்கிறார்கள். அதைக்கூட நியாயம் என்று வாதிட இடமுண்டு. மரத்தின் பேரில் வாதிட இடமில்லை. ஊழியக்காரர்களின் துயரத்துக்கு வேர் பழிவாங்கியது என்று சொல்வது, அவர்களையும் நம் ரசனைக்கு இன்னொரு அலங்காரமாக ஆக்குவது. அவர்கள் செதுக்கிய கல்லும் அதோடு போகிறது.

தாத்தாவின் வாக்கியம் அந்தக் காலையில்தான் எனக்கு வேறு மாதிரி கேட்டது. திரும்பி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவதிகைக்குப் போனேன், இங்கிருந்து தூரமில்லை. திலகவதியார் விடியுமுன் பெருக்கி மெழுகிய இடம். தம்பி நாவுக்கரசர் கையில் இருப்பது வேலோ வாளோ அல்ல, உழவாரம். புல் செதுக்குகிற கருவி. ஏழாம் நூற்றாண்டில் ஒரு பெரும் கவி, கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கினார் என்று ஒரு சமூகம் ஞாபகம் வைத்து, அந்தக் கருவியோடேயே அவரைச் செதுக்கிவைத்திருக்கிறது என்றால், அதன் அர்த்தம் என்ன? பக்தர்கள் அதைப் பணிவு என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. கட்டுகிறவனுக்குக் கல்வெட்டு கிடைக்கும். புதுப்பிக்கிறவனுக்கும் இந்தக் காலத்தில் பளிங்குப் பலகை கிடைக்கும். புல் செதுக்குகிறவனுக்கு அடுத்த மழைக்கு மறுபடி புல்தான் கிடைக்கும். அது தோற்கும் என்று தெரிந்தே செய்கிற காரியம். தோல்வியை ரசிக்காமல் செய்கிற காரியம். கில்பினின் சுத்தியலுக்கு எதிராக வைக்க என்னிடம் இருப்பது இந்த ஒரு கருவிதான்.

ஆனாலும் இது அவ்வளவு சுலபமாக முடியாது. நம்முடைய திருப்பணிகளைப் பார்த்த எவனும் மரத்தின் பக்கம் சாயத்தான் செய்வான். மணலை வீசிக் கல்வெட்டை வழித்தெடுத்த கோயில்கள் உண்டு. ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு, சுதையின்மேல் எனாமல், ஆயிரம் வருஷத் தரைமேல் குளியலறை டைல்ஸ். செயிண்ட் லூயி வீதியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கியது. தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து லட்சத்துக்கும் மேல் சேர்த்துவைத்திருக்கிறது. அந்தப் பழைய கறுப்புவெள்ளைப் படங்களில் சிலதைப் பார்த்திருக்கிறேன். செடி முளைத்த விமானம், ஆனால் சிற்பத்தின் மூக்கு, விரல் எல்லாம் இருக்கிறது. இன்று அதே இடத்தில் செடி இருக்காது, மூக்கும் இருக்காது. மரம் மெல்ல உடைக்கிறது. கமிட்டி நாற்பத்தெட்டு நாளில் முடித்துவிடுகிறது.

மேலும், நமக்கு மரம் வெறும் களை அல்ல. கோயிலுக்கு முன்பே மரம் இருந்தது. அதனடியில்தான் சாமி இருந்தது. பிறகு கல் வந்து சுற்றி நின்றது. தலமரம் இல்லாத பழங்கோயில் உண்டா? திருவானைக்கா கதையை நாம் சின்ன வயதில் கேட்டுக் கடந்துவிட்டோம். வெண்ணாவல் மரத்தின் சருகு லிங்கத்தின்மேல் விழாமல் இருக்க ஒரு சிலந்தி வலை பின்னுகிறது. தும்பிக்கையில் நீர் கொண்டுவருகிற யானைக்கு அந்த வலை அசுத்தம், அறுத்தெறிகிறது. ஒன்றின் பூஜை மற்றதற்குக் குப்பை. இரண்டும் சண்டையிட்டுச் செத்தன. சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகி, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினானாம். அரசனாகப் பிறந்தும் அவன் வழக்கு தீரவில்லை. சைவம் இதைத் தீர்த்துவைக்காமல் அப்படியே விட்டுவைத்திருப்பதை நான் மதிக்கிறேன்.

இதுவரை எழுதியதை நிறுத்திவிட்டு, சொல்லக் கூசுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் பங்காளிகளுக்குச் சின்னக் கோயில் ஒன்று உண்டு. வரலாற்றில் இடமில்லாதது; செங்கல் விமானம், நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருக்காது. அதில் ஓர் அரசு முளைத்து ஆளுயரத்துக்குமேல் போய், வேர் கருவறையின் பின்சுவரில் இறங்கியிருந்தது. என் அத்தை தினமும் சாயங்காலம் அங்கே விளக்கு வைப்பாள். நான் கம்போடியா போய்வந்த சமயம், மரத்தை வெட்டி மருந்து வைக்கலாம் என்று பங்காளிகள் பேசினார்கள். படித்தவன், அங்கேயெல்லாம் பார்த்துவந்தவன் என்று என்னைக் கேட்டார்கள். வேர் சுவரைப் பிடித்திருக்கிறது, இப்போது வெட்டினால் சரிந்துவிடும், விவரம் தெரிந்த ஆளைக் கூட்டிவருகிறேன், பொறுங்கள் என்றேன். சொன்னதில் பொய்யில்லை. ஆனால் ஆளைக் கூட்டிவரவில்லை. இரண்டு மழைக்காலம் போயிற்று. ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டுக்கொண்டால் ஒரே பதில்தான்: அந்த வேரோடு அந்தக் கோயில் எனக்குப் பிடித்திருந்தது. போகும்போதெல்லாம் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. உப்பளத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். மூன்றாம் நாள்தான் கிராமத்துக்குப் போக முடிந்தது. மரம் சாய்ந்து, பின்சுவரையும் விமானத்தில் பாதியையும் எடுத்துக்கொண்டு கிடந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்று பலமாக இருந்ததால் அத்தை அன்று விளக்கு வைக்கப் போகவில்லையாம். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. “விளக்க எங்கடா வைக்கிறது?” என்று மட்டும் கேட்டாள். மாடம் இருந்த இடத்தில் ஈரச் செங்கல் குவியல். அன்று பக்கத்து வீட்டுத் தகரம் ஒன்றைச் சாய்த்துவைத்து, அதன் மறைவில் அகலை வைத்தாள். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.

பிறகு திருப்பணிக் குழு அமைத்தார்கள். கணக்குத் தொடங்க எங்கள் கிளைக்கே வந்தார்கள். மூன்று பேர் கையெழுத்து, ஆதார் நகல், தீர்மான நகல். படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். செங்கல்லும் சுண்ணாம்பும் வேண்டாம், கான்கிரீட் போட்டுவிடலாம், மரமும் முளைக்காது என்கிறார்கள். பழைய செங்கல்லில் பாதிக்குமேல் முழுசாகத்தான் இருக்கிறது, சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் இன்னும் கிடைப்பார் என்று சொல்ல வேண்டும். கூட்டத்துக்குப் போனேன். ஓரமாக உட்கார்ந்திருந்த அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கூட்டம் வருகிற ஞாயிறு.